இருபத்தெட்டு மீற்றர்

திங்கட்கிழமை விடிய மூன்றரைக்கு
அட்டனில் வண்டியை எடுப்பேன்.
கினிகத்தேனை வளைவுகளிலும்
பின்சீட்டில் மேடம் கோப்பு வாசிப்பார்.
தலைசுற்றாத எம்.பி. எங்களுடையவர்தான் என்று
மற்றச் சாரதிமாரிடம் பீற்றிக்கொள்வேன்.
டிக்கியில் ஓர் உரப்பை நிறைய மனுக்கள்,
யாரோ மாதிரிக்குக் கொடுத்த ஓட்டைத் தகரம்.

அந்தக் கிழமை ஒரே ஒரு கேள்வி:
மாட்டுக்கல் ஓயாவுக்கு மேலே
ஸ்ட்ராத்வெல் கீழ்க்கணக்குக்குப் பாலம் எப்போது?

அங்கே கிடப்பது இரண்டு கமுகு மரம்,
பிடித்துக்கொள்ள ஒரு பழைய வயர்.
மழை கூடினால்
அக்கரைப் பள்ளிக்கூடத்தில்
ஐந்தாம் வகுப்புக்கு நாலே பேர்.

தியவன்னா ஓரத்தில், வாகனங்கள் நிற்கும் இடத்தில்
ஒரு போனைச் சுற்றி நின்று கேட்டோம்.
மொனராகலைக்காரர் வெற்றிலை துப்பிவிட்டு வருவதற்குள்
எல்லாம் முடிந்தது.
"மேற்படி பாலம்
இரண்டாயிரத்துப் பதினெட்டு ஒக்டோபரில் நிறைவடைந்துள்ளது.
நீளம் இருபத்தெட்டு மீற்றர்.
விடையைச் சபாபீடத்தில் வைக்கிறேன்."
"கௌரவ சபாநாயகர் அவர்களே" என்று மேடம் எழுந்தார்.
அதோடு மைக் நின்றது.

அவிசாவளை வரை பேச்சில்லை.
கித்துல்கலையில் ப்ளேன்டீ வாங்கி நீட்டினேன்.
"அகலமும் எழுதியிருக்கிறாங்க, சவரிமுத்து" என்றார்.
சிரிக்கிறாரோ என்று கண்ணாடியில் பார்த்தேன்.
இல்லை.

சனிக்கிழமை கந்தோரில் பொறியியலாளர்
கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:
"பாலம் இருக்கிற இடத்துக்கு
இன்னொரு பாலத்துக்குக் காசு வராது, மேடம்.
இருந்தது போயிருக்க வேணும்.
வெள்ளத்தில் போனதென்றால் வசதி.
இதில் ஒரு கையெழுத்து."
கெட்ட மனிதர் இல்லை.
எனக்கும் ஒரு தட்டில் மாரி பிஸ்கட் வைத்தார்.

இப்படித்தான்
ஒருநாளும் நிற்காத பாலத்தை
நாங்கள் ஆற்றோடு விட வேண்டி வந்தது.

செருப்பைக் கையில் பிடித்து ஓயாவில் இறங்கினார்.
நடுவில் ஒரு தரம் சறுக்கி
என் சட்டையைப் பிடித்தார்.
அக்கரையில் ரஞ்சிதமலர், கொழுந்துச் சாக்கு தலையிலிருக்க:
"போட்ருங்கம்மா.
இல்லாத பாலம் போனா யாருக்கு நட்டம்?
எம்புள்ள சப்பாத்து காஞ்சு வருசம் ஒண்ணாச்சு."
பக்கத்தில் நின்ற பையன் முணுமுணுத்தான்:
"போடுங்க, போடுங்க.
பாலத்தத் தின்னவனுக்கு
வாயையும் தொடச்சு விட்டாப்புல இருக்கும்."
அவள் அவனை முறைத்தாள்.
அவன் அவளுடைய தம்பியாம்.

மேடம் ஒரு தேயிலை வாதின் மேல் பைலை வைத்து
"வெள்ளத்தினால்" என்ற வரியை வெட்டினார்.
கீழே தன் கையால் எழுதினார்:
இந்தப் பாலத்தை நான் கண்டதில்லை.
இன்று பகல் முழங்கால் நனைய
இவ்விடத்தைக் கடந்தேன்.

பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தது.
படிவத்தில் மேலதிகக் குறிப்புகள் எழுதலாகாது.
கூடவே புதுப் படிவம் ஒன்று,
மும்மொழியிலும், மடிப்புக் கலையாமல்.

இப்போது அது டாஷ்போர்டில் கிடக்கிறது.
இடது வளைவில் என் பக்கம் வரும்,
வலது வளைவில் அந்தப் பக்கம் போகும்.
நீ என்ன சொல்கிறாய் என்று
மேடம் இன்னும் கேட்கவில்லை.
கேட்டுவிடுவாரோ என்றுதான் ரேடியோவைப் போட்டு வைக்கிறேன்.

அன்றைக்குத் திரும்பும்போது
ரஞ்சிதமலரின் சின்னவளைத் தோளில் ஏற்றிக் கடந்தேன்.
டியூஷன் இருக்காம்.
சப்பாத்து இரண்டையும் என் நெஞ்சில் தொங்கவிட்டு
வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே வந்தாள்,
ஏழாம் வாய்ப்பாடு.
நாலேழு இருபத்தெட்டு என்றபோது
முன்னால் போன மேடம்
தண்ணீருக்குள் ஒரு கணம் நின்றார்.

இந்தத் திங்கள் கித்துல்கலையில்
"நிறுத்த வேண்டாம்" என்றார்.
பின்னாலிருந்து கை நீண்டு
டாஷ்போர்டுப் படிவத்தை எடுத்தது.
கரவனெல்லை தாண்டியதும்
பேனா மூடி திறக்கும் சத்தம்.
கண்ணாடியைப் பார்க்கவில்லை.
எதிரே மணல் லொறி,
பாதையோ ஒடுக்கம்.